கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் இடைப்பட்ட காலம்

பொருளியல் படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது: "மனிதர்கள் முதலில் பண்டமாற்றுச் செய்தார்கள், அதன் சிரமம் தாங்காமல் பணத்தைக் கண்டுபிடித்தார்கள், அதன்பின் கடனும் வங்கியும் வந்தன என்று பாடத்தில் படித்தேன். காங்கேயத்துப் பக்கம் இருக்கும் எங்கள் அப்பாரோ (தாத்தா), தம் இளமையில் காசைக் கண்ணால் பார்ப்பதே அரிது, எல்லாம் தானியத்தில்தான் நடந்தது என்கிறார். அப்படியானால் எங்கள் ஊரில் நடந்தது பண்டமாற்றுத்தானா? அன்று விலையை யார் முடிவு செய்தார்கள்? அந்த முறைகளெல்லாம் இன்று மறைந்துவிட்டனவா?" மூன்று கேள்விகளின் விடையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். தாராபுரத்துக்கு வடக்கே மானாவாரிப் பண்ணையம் செய்த குடும்பத்தில் பிறந்து, விளைபொருள் விற்பனைக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் நான். ஏலக் களத்திலும் சந்தையிலும் நேரில் கண்டவற்றையும் படித்தவற்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

பாடநூல் தரும் சித்திரத்தில் நெல் வைத்திருப்பவரும் உப்பு வைத்திருப்பவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவருக்கு வேண்டியது மற்றவரிடம் இருந்தால் அந்த இடத்திலேயே மாற்றிக்கொள்கிறார்கள். உப்பு வைத்திருப்பவருக்கு நெல் வேண்டாம், துணிதான் வேண்டும் என்றால் காரியம் நின்றுபோகிறது. எல்லோரும் தயங்காமல் வாங்கிக்கொள்ளும் ஒரு பொருளாகப் பணம் வந்து இந்தச் சிக்கலைத் தீர்த்தது என்பார்கள். 1776-இல் ஆடம் ஸ்மித் எழுதியதிலிருந்து இந்த விளக்கம் வழிவழியாக வந்துகொண்டிருக்கிறது. பணத்தின் பயனை மாணவருக்குப் புரியவைக்க இது போதும். வரலாறாக எடுத்துக்கொண்டால் போதாது. கலப்பற்ற பண்டமாற்றுப் பொருளாதாரம் எந்தச் சமூகத்திலும் இருந்ததாக யாரும் விவரித்துக் காட்டவில்லை என்று கரோலின் ஹம்ப்ரி என்ற மானுடவியலாளர் 1985-இல் எழுதினார். கைக்குக் கை மாற்றும் பண்டமாற்று, நாளை மீண்டும் பார்ப்போமா என்று தெரியாத அயலாரோடு நடந்திருக்கிறது. ஊருக்குள் ஒருவரையொருவர் அறிந்தவர்களிடையே நடந்ததெல்லாம், இன்று கொடுத்துவிட்டு வேறொரு நாளில் பெற்றுக்கொள்ளும் கணக்குத்தான். ஆகவே கடன் பணத்துக்குப் பின்னால் வந்ததென்று சொல்வதற்கில்லை. அதற்கு முன்பே இருந்திருக்கிறது.

நம் பழம்பாடல்களிலேயே இந்த இரண்டையும் பார்க்கலாம். உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகப் போன உமணர், நெல்லுக்கு நேராக உப்பை அளந்து விற்றார்கள். அவர்கள் வழிப்போக்கர்கள், அன்றே மாற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகவேண்டியவர்கள். வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் நடந்ததற்கோ வேறு பெயர் இருந்தது: குறியெதிர்ப்பை. அளவு குறித்து வாங்கி, அதே அளவில் எதிர் கொடுப்பது என்பது அதன் பொருள். புறநானூற்றின் 163-ஆம் பாடலில், முதிரத்துத் தலைவன் குமணனிடம் பரிசில் பெற்று வந்த பெருஞ்சித்திரனார், தம் மனைவியிடம் அதை எல்லோருக்கும் கொடு என்று சொல்லும்போது, நெடுநாள் குறியெதிர்ப்பையாகத் தந்து குடும்பத்தைக் காத்தவர்களையும் மறக்காமல் குறிப்பிடுகிறார். முதிர மலையை உடுமலைப் பக்கத்து மலையாகக் கொள்வது வழக்கம். நம் வீட்டுப் பெண்கள் அரைப்படி சர்க்கரையைக் கைமாற்றாக வாங்கி அடுத்த வாரம் திருப்பிக் கொடுப்பதும், அந்தப் புலவர் வீட்டில் நடந்ததும் ஒன்றே. திருக்குறளின் 221-ஆம் குறளோ, இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் குறியெதிர்ப்பை என்று கோடு கிழிக்கிறது. கொடுத்தது திரும்ப வருமா, எப்போது வரும் என்பதை வைத்துப் பரிமாற்றங்களைப் பிரித்தறியும் பார்வை இங்கே அவ்வளவு பழையது.

அதே காலத்தில் இதே மண்ணில் தொலைதூர வணிகமும் நடந்தது. நொய்யலின் வடகரையில் இருக்கும் கொடுமணலில் மணிகளை அறுத்துத் துளையிட்ட பட்டறைகளும் இரும்பு உருக்கிய உலைகளும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பச்சைக்கல்லைப் பக்கத்துப் படியூரிலிருந்தும், சூதுபவளத்தின் மூலக்கல்லைக் குஜராத்துப் பகுதியிலிருந்தும் கொண்டு வந்திருக்கிறார்கள். வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்ற சொல் பொறித்த பானையோடும் அங்கே கிடைத்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கடற்கரையையும் கரூரையும் இணைத்த பெருவழியை ஒட்டி, கோயம்புத்தூருக்கு அருகே வெள்ளலூரில், அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய ரோமப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் குவியலாகக் கிடைத்தன. உமணரின் உப்பு, அண்டை வீட்டுக் குறியெதிர்ப்பை, ரோமானிய வெள்ளி ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே வட்டாரத்தில் புழங்கியிருக்கின்றன. படிக்கட்டுப் போல ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கவில்லை. யாரோடு கொள்வினை கொடுப்பினை என்பதைப் பொறுத்து முறை மாறியது.

இனி உங்கள் அப்பாரு சொன்ன தானியக் காலத்துக்கு வருவோம். சோளமோ கம்போ ராகியோ அறுத்துக் களத்தில் பொலி தூற்றி முடித்ததும், மூட்டை வீட்டுக்குப் போவதற்கு முன்பே பங்குகள் அளக்கப்படும். ஏரும் வண்டியும் செய்துகொடுத்த ஆசாரிக்கு இவ்வளவு, கொழுவைக் காய்ச்சி அடித்துக் கொடுத்த கொல்லருக்கு இவ்வளவு, துணி வெளுத்தவருக்கும் முடி திருத்தியவருக்கும் இவ்வளவு, மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலைக்குத் தோல் தைத்துக் கொடுத்தவருக்கு இவ்வளவு என்று வள்ளக் கணக்கில் போகும். வள்ளம் என்பது கொங்கு நாட்டில் தானியத்தை அளக்கும் அளவு. ஆண்டு முழுவதும் அவர்கள் வேலை செய்தார்கள். கூலி அறுப்பின்போது வந்தது. கையில் கொடுத்துக் கையில் வாங்கியது எதுவும் இல்லாததால் இதைப் பண்டமாற்று என்று சொல்லக்கூடாது. இது நீண்டகாலக் கணக்கு. நோட்டில் எழுதாமல் நினைவிலும் வழக்கத்திலும் எழுதப்பட்டிருந்தது.

விலையை யார் முடிவு செய்தார்கள் என்று கேட்டீர்கள். ஒவ்வொரு முறையும் யாரும் முடிவு செய்யவில்லை. வழக்கம் முடிவு செய்தது. ஓர் ஏருக்கு இத்தனை வள்ளம் என்றால், தானியத்தின் சந்தை விலை ஏறினாலும் இறங்கினாலும் அதே அளவுதான். இதில் ஒரு பாதுகாப்பு இருந்தது என்பது உண்மை. பஞ்சத்தில் தானியத்தின் விலை தாறுமாறாக ஏறும்போது, காசுக்கூலி வாங்குபவர் பட்டினி கிடப்பார். தானியக் கூலி வாங்குபவருக்கு வயிற்றுக்காவது கிடைக்கும். ஆனால் பழைய முறையை நினைத்து உருகுகிறவர்கள் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று உண்டு. யார் எந்த வேலை செய்வது என்பதைச் சாதி முடிவு செய்தது. தோல் தைத்தவரும் பண்ணையாளாக இருந்தவரும் பெரும்பாலும் அருந்ததியர்கள். வேறு தோட்டத்துக்குப் போய் அதிகம் கேட்கலாம் என்ற வழியே அவர்களுக்கு இல்லை. கல்யாணத்துக்கோ மருத்துவத்துக்கோ வாங்கிய முன்பணம் ஆண்டுக்கணக்கில் கால்கட்டாகக் கிடந்தது. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றவேண்டியிருந்தது. விலகிப் போகும் உரிமை ஒரு பக்கத்துக்கு இல்லாத இடத்தில் நடப்பதை முழுமையான பரிமாற்றம் என்று என்னால் சொல்ல முடியாது. என் அப்பாரின் களத்தில் நடந்ததையும் சேர்த்தே இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஏற்பாட்டில் அறுப்பு வரை காத்திருந்தவர்கள் யார்? தானியம் வைத்திருந்தவரா, உழைப்பை முன்கூட்டிக் கொடுத்தவரா? உழைத்தவர்தான் காத்திருந்தார். பத்து மாத உழைப்பை அவர் கடனாகக் கொடுத்தார்; அதற்கு வட்டி கிடையாது. மறுபுறம், பண்ணையக்காரரிடம் அவர் வாங்கிய முன்பணத்துக்கோ அவருடைய உடம்பே ஈடு. கொடுப்பதற்கும் வாங்குவதற்கும் இடைப்பட்ட காலத்தை யார் சுமக்கிறார் என்ற இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால், கொங்கு நாட்டின் இன்றைய தொழில்களையும் அதே தெளிவோடு பார்க்க முடியும்.

தானிய முறையைக் குலைத்ததில் சட்டத்தைவிடக் கருவிக்குப் பங்கு அதிகம் என்பது என் கருத்து. 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, பின்வந்த ஆண்டுகளில் கோயம்புத்தூர் வட்டாரத்துக் கிணறுகளுக்கு மின்சாரம் வந்தபோது, மோட்டார் பம்பு கவலையைக் கிணற்றுமேட்டிலிருந்து இறக்கியது. கவலை போனதும் தோல் சாலும் வடக்கயிறும் வேண்டாதவை ஆயின. அவற்றைச் சுற்றியிருந்த களத்துக் கூலியும் நின்றது. மோட்டார் கெட்டால் பழுது பார்ப்பவர் காசு கேட்பாரே தவிர, மாசி மாதம் வந்து வள்ளம் நீட்டமாட்டார். மின்கட்டணமும் பூச்சிமருந்தும் காசு கேட்டன. காசு வேண்டுமென்றால் காசு தரும் பயிர் வேண்டும். ஆகவே பருத்தியும் மஞ்சளும் கரும்பும் தோட்டங்களில் பெருகின.

ஆயினும் காசு புகாத இடங்கள் தொடர்ந்து இருந்தன, இன்றும் இருக்கின்றன. சின்னவெங்காயம் நடவோ களையெடுப்போ வரும்போது சிறு விவசாயக் குடும்பங்கள் ஒன்றன் காட்டுக்கு மற்றொன்று ஆள் போவதை மாற்றாள் என்பார்கள். ஒரு நாள் வேலைக்கு ஒரு நாள் வேலை, அவ்வளவுதான். ஆட்டையோ கிடாரியையோ வாரத்துக்கு விடுவது இன்னொன்று. ஒருவர் தாயாட்டைக் கொடுப்பார். மற்றவர் மேய்த்து வளர்ப்பார். குட்டிகளில் பாதி வளர்த்தவருக்கு. முதலீடு இல்லாத குடும்பம் இரண்டு மூன்று ஈற்றில் தனக்கென்று ஒரு பட்டியை உண்டாக்கிக்கொள்ள இது வழிசெய்தது. ஆடு நோயில் செத்தால் நட்டம் இருவருக்கும். இந்த வாரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சற்றுக் கழித்துத் தேவைப்படும்.

அறிமுகமில்லாதவர்கள் கூடி விலை பேசும் இடம் சந்தை. செவ்வாயும் வியாழனும் கூடும் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையிலோ, ஈரோட்டுக் கருங்கல்பாளையத்திலோ, சித்திரையில் கண்ணபுரத்து மாரியம்மன் தேரையொட்டிக் கூடும் மாட்டுத் தாவணியிலோ ஒருமுறை நின்று பார்த்தால் இதன் நுணுக்கம் புரியும். பல் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு தரகர் ஒரு துண்டைப் போர்த்தி, அதற்குள் விற்பவரின் விரல்களைப் பிடித்து விலை சொல்வார். எத்தனை விரல், எந்த அழுத்தம் என்பதில் தொகை இருக்கிறது. பக்கத்தில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. பழங்காலத்து மறைபொருள் வழக்கம் என்று சிலர் இதை நினைக்கிறார்கள். எனக்கு இதில் தெளிவான காரணம் தெரிகிறது. ஒருவர் 40,000 வரை வந்து விலகிவிட்டார் என்று ஊரறிந்தால், அடுத்து வருபவர் 41,000-க்கு மேல் போகமாட்டார். துண்டுக்குள் பேசுவதால், ஒவ்வொரு வாங்குபவரும் தம் கணக்கின்படியே விலை சொல்ல வேண்டியிருக்கிறது. அதேசமயம் தரகருக்கு மட்டும் எல்லா விலையும் தெரியும். அந்த அறிவுதான் அவருடைய சரக்கு, தரகு அதன் விலை. பேச்சு முடிந்தால் அச்சாரம் கைமாறும். விற்றவர் தம் கயிற்றை அவிழ்த்துக்கொள்ள, வாங்கியவர் புதுக்கயிறு போட்டு ஓட்டிப் போவார்.

மாட்டுக்குப் பொருந்துவது மூட்டைக்குப் பொருந்தாது. பருத்தியோ மஞ்சளோ கொண்டுவரும் விவசாயி, வண்டியிலிருந்து மூட்டையை இறக்கிவிட்டால் திருப்பி ஏற்றிச் செல்ல முடியாது என்பது வியாபாரிக்குத் தெரியும். எடையில் கழிவு, கோயில் பேரைச் சொல்லி எடுக்கும் மகமை, சாம்பிளுக்கென்று ஒரு கை, இருபுறமும் தரகு என்று பிடித்தங்கள் நீண்டன. இதைக் கட்டுப்படுத்தவே 1933-இல் சென்னை மாகாணத்தில் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் வந்தது. அதன்கீழ் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் 1936-இல் திருப்பூரில் பருத்திக்காகத் தொடங்கப்பட்டது. கொங்கு நாட்டவர் பெருமைப்படத்தக்க செய்தி இது. பனியனுக்குத் தெரிந்த அளவுக்கு இதற்குத் திருப்பூரின் பெயர் தெரியாமல் போனது வருத்தமே. இன்று பெருந்துறை, அவல்பூந்துறையில் கொப்பரை, கவுந்தப்பாடியில் நாட்டுச் சர்க்கரை, மூலனூரில் பருத்தி என்று ஒவ்வொரு கூடத்துக்கும் ஒரு சரக்கு உண்டு. பழனிக் கோயிலின் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் சர்க்கரை கவுந்தப்பாடியில் வாங்கப்படுவதுதான்.

ஈரோட்டு மஞ்சளை எடுத்துக்கொள்கிறேன், நான் அதிகம் பார்த்தது அதைத்தான். வைகாசி, ஆனியில் நட்டு, தையிலும் மாசியிலும் வெட்டி, வேகவைத்துக் காயவைத்து மெருகேற்றி, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்துக் கொண்டுவருவார்கள். வியாபாரிகள் விரலியை ஒடித்து உள்நிறம் பார்த்து, ஒவ்வொரு குவியலுக்கும் தாங்கள் தரும் விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். மறைமுக ஏலம் என்பது இதற்குப் பெயர். மாட்டுச் சந்தையின் துண்டு செய்த வேலையை இங்கே பெட்டி செய்கிறது. ஆனால் முடிவில் உயர்ந்த விலை எல்லோருக்கும் தெரிய அறிவிக்கப்படுகிறது, தரகர் ஒருவரின் தனியறிவாக அது தங்குவதில்லை. ஒழுங்குமுறைக் கூடத்தில் விலை மதிப்பில் 1 சதவீதக் கட்டணம் வியாபாரியிடமே வாங்கப்படுகிறது, விவசாயியிடம் அல்ல. விலை கட்டுப்படியாகவில்லை என்றால் விவசாயி வேண்டாம் என்று சொல்லலாம்.

அந்த 'வேண்டாம்' என்ற ஒரு சொல்லுக்குத்தான் உண்மையில் விலை அதிகம். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு நாளை பணம் கட்டவேண்டியவர் அதைச் சொல்லமாட்டார். அதற்காகவே பொருளீட்டுக் கடன் இருக்கிறது. மூட்டைகளைக் கிடங்கில் வைத்து, அவற்றின் மதிப்பில் முக்கால் பங்கு வரை குறைந்த வட்டியில் கடன் வாங்கிக்கொண்டு, விலை வரும்வரை காத்திருக்கலாம். நான் வேலை பார்த்த காலத்தில், சங்கம் செய்த எல்லாக் காரியங்களிலும் இதையே மேலானதாகக் கருதினேன். ஏனென்றால் பணத்தைவிடக் காலத்தை விவசாயிக்குக் கொடுத்தது இது. காத்திருப்பதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2010-இன் இறுதியில் குவிண்டாலுக்கு 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012-இன் தொடக்கத்தில் 5,000 ரூபாய்க்கும் கீழே வந்தது. இன்னும் ஏறும் என்று இருப்பு வைத்த குடும்பங்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். விலை ஏறியதைக் கண்டு எல்லோரும் அடுத்த பருவத்தில் மஞ்சளையே நட்டதுதான் வீழ்ச்சிக்கு முக்கியக் காரணம். விலை ஒரு செய்தி. ஆனால் அது ஒரே நேரத்தில் எல்லோர் காதிலும் விழும் செய்தி.

பாலுக்கு வேறுவிதச் சிக்கல். தண்ணீர் கலந்ததா என்று பார்த்துத் தெரியாது. தெரியாததால் வாங்குபவர் எல்லோருக்கும் குறைந்த விலையே தருவார். நல்ல பால் ஊற்றியவர் நட்டப்படுவார். கூட்டுறவுப் பால் சங்கத்தில் கொழுப்பையும் மற்றத் திடப்பொருளையும் அளந்து விலை போடத் தொடங்கியதும், சந்தேகத்தின் இடத்தை அளவு பிடித்துக்கொண்டது. கருவி ஒன்று நம்பிக்கையின் வேலையைச் செய்த இடம் இது.

இனி தறிக்கும் பனியனுக்கும் வருகிறேன். சோமனூர், பல்லடம், அவிநாசிப் பக்கத்து விசைத்தறிக்காரரில் பெரும்பாலானோர் துணி விற்பவர்கள் அல்லர். ஜவுளி உற்பத்தியாளர் பாவு நூலும் ஊடை நூலும் கொடுப்பார். தறிக்காரர் நெய்து துணியாகத் திருப்பிக் கொடுத்து மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். தறி அவருடையது, மின்கட்டணம் அவருடையது, ஆட்கூலி அவருடையது; நூலும் துணியும் அவருடையவை அல்ல. நூல் விலை ஏற்ற இறக்கத்தின் நட்டத்தை உற்பத்தியாளர் ஏற்கிறார். தறி சும்மா நிற்கும் நாளின் நட்டத்தைத் தறிக்காரர் ஏற்கிறார். பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழிப் பண்ணையும் இதே அச்சுத்தான். நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் கொடுக்கும். கொட்டகை, தண்ணீர், உழைப்பு விவசாயியுடையவை. ஆறு வாரத்துக்குப் பின் நிறுவனமே கோழியை எடுத்துக்கொண்டு வளர்ப்புக் கூலி தரும். முன்பு சொன்ன வாரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்று போலவே இருக்கின்றன. ஆனால் வாரத்தில் வளர்த்தவருக்குக் குட்டி கிடைத்தது, அதாவது நாளை தானே முதலாளியாகும் வழி இருந்தது. இங்கே கூலி மட்டுமே. விலை வீழ்ச்சியிலிருந்து அவரை இந்த ஏற்பாடு காக்கிறது என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும்.

திருப்பூரில் ஒரு சட்டை உருவாக, நூலைப் பின்னுவது ஒருவர், சாயமேற்றுவது ஒருவர், அச்சடிப்பது, வெட்டுவது, தைப்பது, பிசிறு வெட்டித் தேய்த்து அடுக்குவது என்று பல பட்டறைகளைத் துணி கடக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கூரையின்கீழ் செய்யாமல் ஏன் இப்படி? கம்பெனிகள் ஏன் இருக்கின்றன, எல்லாவற்றையும் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளலாமே என்று 1937-இல் பொருளியலாளர் ரொனால்ட் கோஸ் கேட்டார். வெளியே ஆள் தேடி, விலை பேசி, ஏமாறாமல் பார்த்துக்கொள்ளும் செலவு கூடும்போது வேலை கம்பெனிக்குள் வந்துவிடுகிறது என்பது அவர் தந்த விடை. திருப்பூரில் அந்தச் செலவு குறைவு. எல்லாப் பட்டறையும் சில மைல்களுக்குள் இருக்கின்றன. யார் சொன்ன நாளில் துணி கொடுப்பார், யார் பாக்கியை இழுத்தடிப்பார் என்பது டீக்கடையிலேயே தெரிந்துவிடும். தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கும், சொன்ன சொல் தவறாத குணத்தையும் குறிக்கும். இந்த ஊரின் வியாபாரத்தைப் பார்த்தால் அந்த இரண்டு பொருளும் ஒன்றே என்று தோன்றும். இரண்டாவது நாணயம் இருப்பவருக்கு முதலாவது இல்லாமலே நூல் கிடைக்கும்.

ஆனால் காத்திருப்பவர் யார் என்று இங்கேயும் கேளுங்கள். வெளிநாட்டு வாங்குபவர் ஏற்றுமதியாளரைக் காக்கவைக்கிறார். ஏற்றுமதியாளர், தமக்குக் கூலிக்கு வேலை செய்து தரும் ஜாப் ஒர்க் பட்டறையைக் காக்கவைக்கிறார். பட்டறைக்காரர் தையல்காரருக்குச் சனிக்கிழமை கூலி கொடுத்தே ஆகவேண்டும். சங்கிலியில் மிகச் சிறியவர் மிகப் பெரியவருக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். களத்து மேட்டில் கண்ட அதே காட்சி. சிறு தொழில்களுக்குரிய தொகையை 45 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. தவறினால் கூட்டு வட்டி உண்டு. 2024 ஏப்ரல் முதல், அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, அதைக் கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்ட முடியும். இரண்டாவது ஏற்பாடு முதலாவதைவிடக் கூர்மையானது, ஏனென்றால் இதில் சிறியவர் புகார் செய்து பெரியவரின் ஆர்டரை இழக்க வேண்டியதில்லை.

காலத்துக்கு வெளிப்படையாக விலை வைக்கும் இடம் ஏலச்சீட்டு. 20 பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டினால் சீட்டுத் தொகை 1 லட்சம். அந்த மாத ஏலத்தில் ஒருவர் 25,000-ஐ விட்டுக்கொடுத்து, அதாவது தள்ளி, சீட்டை எடுத்தால், அவர் கைக்கு 75,000 வரும். தள்ளியதில் 5,000 சீட்டு நடத்துபவரின் கமிஷன் என்று வைத்துக்கொண்டால், மீதி 20,000 கழிவாகப் பிரிந்து தலைக்கு 1,000 வரும். அந்த மாதம் ஒவ்வொருவரும் 4,000 கட்டினால் போதும். காத்திருக்க முடியாதவர் காத்திருப்பவர்களுக்குக் கொடுக்கும் கூலியே அந்தக் கழிவு. எத்தனையோ பட்டறைகளின் முதல் தையல் மிஷின் சீட்டுப் பணத்தில் வாங்கியதுதான். இதை ஒழுங்குபடுத்த 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் இருக்கிறது. பதிவு செய்யாத சீட்டில் சேரவேண்டாம் என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

2012-இல் பெருந்துறைப் பக்கம் வெடித்த ஈமு கோழி மோசடியையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். பணம் கட்டியவருக்குப் பறவையும் கொடுத்து, மாதந்தோறும் தொகையும் தருவதாகச் சொன்னார்கள். கறிக்கோழி ஒப்பந்தம் போலவே தோன்றியதால் விவசாயிகள் நம்பினார்கள். ஆனால் கறிக்கோழிக்குக் கடைசியில் அதை வாங்கிச் சாப்பிடும் ஆள் இருந்தார்; ஈமுவுக்கு அப்படிப்பட்ட சந்தையே வளர்ந்திருக்கவில்லை. விற்பதாகச் சொன்னவரும் வாங்குவதாகச் சொன்னவரும் ஒருவராகவே இருந்தார்கள்.

பழைய முறைகளெல்லாம் மறைந்துவிட்டனவா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு, 2016 நவம்பர் 8-க்குப் பிந்தைய வாரங்கள் விடை தந்தன. புழக்கத்திலிருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாமல் போனது. ரொக்கத்தில் சம்பளம் கொடுத்துவந்த பட்டறைகள் திணறின, சந்தைகள் வெறிச்சோடின. ஊருக்குள்ளோ மளிகைக் கடையின் பற்று வரவு நோட்டு மீண்டும் தடித்தது, கைமாற்று கூடியது, பால் ஊற்றுபவர் கணக்கில் எழுதிக்கொண்டு ஊற்றினார். பணம் நின்றபோது, அதற்கு முன்பிருந்த கணக்கு மேலே வந்தது. இன்று சந்தையில் கீரை விற்கும் அம்மாவிடமும் ஸ்கேன் அட்டை இருக்கிறது; ஆனாலும் அவர் காலையில் எடுத்து வந்த கீரைக்கு மாலையில்தான் பணம் கொடுக்கிறார், தோட்டக்காரரும் அதற்கு ஒப்புக்கொண்டுதான் கட்டுக்கட்டாகக் கொடுத்தனுப்புகிறார்.

கள ஆய்வுக்காகச் சந்தைக்குப் போவதாக இருந்தால், பொள்ளாச்சிக்குச் செவ்வாய்க்கிழமை விடிவதற்கு முன்பே போய்விடுங்கள். பேரம் நடக்கும்போது தரகர்கள் பேசமாட்டார்கள். லாரி ஏற்றி முடித்து அவர்கள் டீக்கு ஒதுங்கும் வேளையில் கேளுங்கள். மாடு என்ன விலைக்குப் போனது என்பதோடு நிறுத்தாமல், எவ்வளவு அச்சாரம், மீதி எந்த வாரம், அதுவரை பொறுப்பு யார், வாய்தா தவறினால் யாரிடம் போய்க் கேட்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் அதே கேள்விகளை உங்கள் அப்பாரிடம் அவருடைய களத்தைப் பற்றிக் கேளுங்கள். முடிந்தால், அந்தக் களத்துக்கு வள்ளம் வாங்க வந்த குடும்பத்துப் பெரியவர் யாராவது இருந்தால் அவரிடமும் தனியாகப் போய்க் கேளுங்கள்.